நூறு, ஐம்பத்தாறு, எழுபத்து நாலு, மறுபடி நூறு

என் அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கணக்கெழுதினார். வண்டியில் வந்து இறங்கும் கல்லின் எடை ஒரு பக்கம், சூடு ஆறியபின் வெளியே எடுக்கும் சுண்ணாம்பின் எடை மறுபக்கம். அவ்வளவுதான் அவர் நோட்டு. நான் பதினொன்றாம் வகுப்பில் மோல், அணு நிறை, வினைவிளை பொருள் என்று உருப்போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "கல்லு நூறுன்னா சுண்ணாம்பு அம்பத்தாறு நிக்கணும் பாப்பா. அதுக்கு மேல நின்னா சரக்கு மட்டம்."

எடை கூட நின்றால் லாபம்தானே, அது எப்படி மட்டம்? பிற்பாடு அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக ஆனபோது, ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதித்தான் பாடத்தைத் தொடங்குவேன். பாடப்புத்தகம் வரையறையில் தொடங்கும். நான் எடையில் தொடங்குவேன். கணக்கு என்றால் புரிந்துகொள்ள வேண்டியது, வேதியியல் என்றால் மனப்பாடம் செய்ய வேண்டியது என்று பிள்ளைகளிடம் யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதை மாற்றச் சுண்ணாம்பைப் போல ஒரு பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

சுண்ணாம்புக்கல்லின் பெயர் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் அணு ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. அணு நிறை என்பது ஓர் ஒப்பீடு. கார்பன் வகைகளில் ஒன்றான கார்பன்-12 என்பதன் ஓர் அணுவுக்கு 12 என்று வைத்துக்கொண்டு, மற்ற அணுக்கள் அதைவிட எத்தனை பங்கு கனம் என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆக்சிஜன் 16, கால்சியம் 40. கூட்டிப் பாருங்கள்: 40, அதோடு 12, அதோடு மூன்று பதினாறு 48. சரியாக 100. இயற்கை நமக்காகவே வட்டமாக ஒரு தொகையைக் கொடுத்திருக்கிறது.

ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்தக் கல் இரண்டாகப் பிரியும். கால்சியம் ஓர் ஆக்சிஜனோடு நின்றுவிடும். 40-ம் 16-ம் சேர்ந்து 56. இதுதான் சுட்ட சுண்ணாம்பு, கால்சியம் ஆக்சைடு. கார்பன் மீதி இரண்டு ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு வாயுவாகப் போய்விடும். 12-ம் 32-ம் 44. அது கார்பன் டை ஆக்சைடு. கல் வினைபடு பொருள். சுண்ணாம்பும் வாயுவும் வினைவிளை பொருள்கள். 56-ஐயும் 44-ஐயும் கூட்டினால் உள்ளே போன 100 திரும்பக் கிடைக்கிறது. நிறை அழியா விதி என்று ஒரு பக்கத்துக்கு எழுத வைப்பது இந்தக் கூட்டலைத்தான். வேதிச் சமன்பாட்டைச் சமன்படுத்துவதும் இதே வேலைதான். இடப்பக்கம் எத்தனை அணுக்களோ அத்தனையும் வலப்பக்கம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கிறோம்.

இப்போது அப்பாவின் மட்டச் சரக்குக்கு வருவோம். நூறு கிலோ கல்லைச் சுட்டு 60 கிலோ நின்றால், போன வாயு 40 கிலோ. சுத்தமான கல் நூற்றுக்கு 44 கிலோ வாயு போகும் என்றால், 40 கிலோ போக எவ்வளவு சுத்தமான கல் இருந்திருக்க வேண்டும்? 40-ஐ 44-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 90.9. ஆக, அந்தச் சரக்கில் நூற்றுக்கு ஒன்பது கிலோ மண்ணோ மணலோ, சுட்டாலும் குறையாத வேறு எதுவோ. அல்லது கல்லின் நடுப்பகுதி வேகவில்லை. இரண்டில் எதுவானாலும் வாங்கியவன் திரும்பி வந்து சத்தம் போடுவான். கீழ் வகுப்புகளில் சொல்லித்தரும் விகிதமும் சதவீதமும் போதும், ஒரு சரக்கின் தூய்மையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆய்வகத்தில் இதே கணக்கை நுட்பமான தராசை வைத்துச் செய்கிறார்கள்.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1750-களில். எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்தார். அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்புத் தெளிவைக் குடிக்கக் கொடுப்பார்கள். அங்கே இரண்டு பேராசிரியர்களுக்குள், கல் சுண்ணாம்பு உசத்தியா சிப்பிச் சுண்ணாம்பு உசத்தியா என்று தகராறு. நம் ஊர் வெற்றிலைக்காரர்கள் கூடத் தலையிடக்கூடிய தகராறுதான். சுட்ட சுண்ணாம்புக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்றால், நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று ஏறிக்கொள்கிறது என்று அப்போது நம்பினார்கள். ஏறியிருந்தால் எடை கூடியிருக்க வேண்டுமே? பிளாக் தராசில் வைத்துப் பார்த்தார், குறைந்திருந்தது. நெருப்பு எதையும் சேர்க்கவில்லை, ஒரு வாயுவை வெளியே துரத்தியிருக்கிறது என்று கண்டுகொண்டார். 1756-இல் அச்சான அவருடைய கட்டுரை, எடைபோட்டு வேதியியல் செய்வதற்கு நல்லதொரு தொடக்கம்.

மோல் என்றதும்தான் வகுப்பில் முகங்கள் வாடும். அப்பா நூறு கிலோ என்றார், ஆய்வகத்தில் நாம் நூறு கிராம் என்கிறோம். விகிதம் மாறவில்லை. ஆனால் அணுக்கள் சேர்வதும் பிரிவதும் எண்ணிக்கையில். நம் கையில் இருப்பதோ தராசு. எடையை எண்ணிக்கையாக மாற்ற ஒரு கட்டு தேவைப்படுகிறது. வெற்றிலை வியாபாரி கவுளி கவுளியாகக் கொடுக்கிறார் அல்லவா, ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. இலை சிறுத்திருந்தால் கவுளி எடை குறையும், பருத்திருந்தால் கூடும், எண்ணிக்கை மட்டும் அதேதான். மோலும் அப்படி ஒரு கட்டு. அதில் இருப்பவை 6.022 × 10²³ துகள்கள். அதாவது 602 கோடி கோடி கோடி. தண்ணீரில் ஒரு மோல் 18 கிராம், சுட்ட சுண்ணாம்பில் 56, சுண்ணாம்புக்கல்லில் 100. அணு நிறைகளைக் கூட்டி வந்த தொகையைக் கிராமில் எடுத்துக்கொண்டால் அதுதான் ஒரு மோல். மோலை இவ்வளவுக்கு மேல் நான் விளக்கியதில்லை.

அந்த எண்ணுக்கு அவகாட்ரோ எண் என்று பெயர். இத்தாலியின் தூரின் நகரத்தவரான அவகாட்ரோ 1811-இல் சொன்னது வேறு. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார். எத்தனை என்று அவருக்குத் தெரியாது. அவர் 1856-இல் இறந்து, அதற்கும் ஒன்பது ஆண்டு கழித்துத்தான் லோஷ்மிட் என்பவர் மூலக்கூறின் அளவைத் தோராயமாகக் கணித்தார். எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை வைத்தவர் ஜான் பெரென், 1909-இல். 2019 மே 20 முதல் இது அளந்து கண்டுபிடிக்க வேண்டிய எண்ணே இல்லை, 6.02214076 × 10²³ என்று நிர்ணயித்துவிட்டார்கள். பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் 23-ஐ அடுக்கு என்கிறோம். ஒன்றுக்குப் பின்னால் எத்தனை பூச்சியம் என்று சொல்வது அதன் வேலை. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு கிராமில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், அதில் கால்சியம் மட்டும் ஏறத்தாழ 8 × 10²⁰. பூச்சியங்களைப் போட்டு எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஒரு தடவை எழுதுவார்கள், அடுத்த தடவை அவர்களே அடுக்குக்கு மாறிவிடுவார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன் பானையில் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரை ஊற்றியதும் அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு 18 பங்கு தண்ணீரை எடுத்துக்கொண்டு 74 பங்கு நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. இது வெப்ப உமிழ் வினை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வரும் சூட்டில் மூன்றரை லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காளவாயில் விறகையும் கரியையும் எரித்து உள்ளே செலுத்தியது வெப்பக் கொள் வினை. அங்கே கட்டிய பணத்தில் ஒரு பகுதி இங்கே பானையில் திரும்பி வருகிறது. தண்ணீர் குறைவாக ஊற்றினால் நீறாத கட்டி மிஞ்சும், அப்போது தண்ணீர்தான் வினை கட்டுப்படுத்தும் பொருள். தாராளமாக ஊற்றினால் சுண்ணாம்பு தீர்ந்ததும் வினை நின்றுவிடும், அப்போது கட்டுப்படுத்துவது சுண்ணாம்பு. எது முதலில் தீர்கிறதோ அதை வைத்துத்தான் விளைச்சலைக் கணக்கிட வேண்டும். இந்தப் பகுதியில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இரண்டையும் கிராமிலேயே ஒப்பிடுவதால். மோலாக மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

சுவரில் அடித்தபின் 74, காற்றிலிருந்து 44-ஐ வாங்கிக்கொண்டு 18-ஐ வெளியே விடுகிறது. 74-ம் 44-ம் 118. அதில் 18 போக 100. கல்லாக இருந்தது மறுபடி கல்லாகிவிட்டது, சுவர் மேல் மெல்லிய ஏடாக. வெளியே வருகிற 18 வெறும் தண்ணீர். புதிதாகச் சுண்ணாம்பு பூசிய வீட்டில் பல நாள் ஈரவாசம் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஊறவைத்தால் அடியில் கட்டி தங்கும், மேலே தெளிவு நிற்கும். தெளிவு கரைசல், தண்ணீர் கரைப்பான், சுண்ணாம்பு கரைபொருள். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். அதற்கு மேல் ஏற்காத நிலை தெவிட்டிய கரைசல். சர்க்கரை சூடான தண்ணீரில் கூடுதலாகக் கரையும், சுண்ணாம்பு குறைவாகக் கரையும். தெளிவைக் காய்ச்சினால் கலங்குவதைச் செய்து காட்டிவிட்டேன் என்றால் கரைதிறன் பற்றி மேலே பேச வேண்டியிருக்காது.

இந்தத் தெளிவில் மஞ்சளைக் குழைத்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டு எல்லார் வீட்டிலும் உண்டு. குழம்பு சிந்திய சட்டையில் சோப்பு போட்டாலும் கறை சிவக்கும். எலுமிச்சையைப் பிழிந்தால் மஞ்சள் திரும்பிவிடும். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். மஞ்சள் ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று கேட்டால் பி.எச். மதிப்பு வேண்டும், அங்கே மடக்கை வந்து நிற்கும்.

மடக்கைக்குப் பயப்படும் பிள்ளைகளிடம் நான் ஆயிரம், லட்சம், கோடி என்று எழுதச் சொல்வேன். ஆயிரத்தில் 3 பூச்சியம், லட்சத்தில் 5, கோடியில் 7. அந்த 3, 5, 7-தான் அவற்றின் மடக்கை, பத்தை அடிமானமாக வைத்து. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனி ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கு இருக்கிறது. அதன் பி.எச். 7. லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 5, ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3. அயனி கூடக்கூட எண் இறங்கும். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு, இரண்டு படி என்றால் நூறு. எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2; தண்ணீரைவிட ஐந்து படி கீழே, ஆகவே லட்சம் மடங்கு. சுண்ணாம்புத் தெளிவு சுமார் 12.4. தண்ணீரைவிட 5.4 படி மேலே. 5 லட்சத்தைக் குறிக்கிறது, மீதி 0.4-க்கு மடக்கை அட்டவணையைப் புரட்டினால் 2.5. ஆக, ஹைட்ரஜன் அயனி தண்ணீரில் இருப்பதைவிட இரண்டரை லட்சம் மடங்கு குறைவு. மடக்கையை 1614-இல் ஜான் நேப்பியர் வெளியிட்டது பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக்கி வேலையைச் சுருக்க. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரென்சன் அதை அமிலத்துக்குக் கொண்டுவந்தார்.

தெளிவில் பத்து மடங்காகும்படி தண்ணீர் ஊற்றினால் பி.எச். ஏறத்தாழ ஒன்று இறங்கும், மறுபடி பத்து மடங்கானால் இன்னொன்று என்று நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்தாள்.

"அப்படின்னா டீச்சர், தண்ணிய ஊத்திக்கிட்டே போனா சுண்ணாம்பு ஒருநாள் புளிச்சிடுமா?"

வகுப்பு சிரித்தது. எனக்கு அந்த ஆண்டில் கிடைத்த நல்ல கேள்வி அது. 12.4-இலிருந்து ஆறு தடவை இறங்கினால் 6.4, அதாவது அமிலப் பக்கம். கழித்தல் என்னவோ சரி, ஆனால் நடக்காது. கரைசலில் இருப்பது சுண்ணாம்பு தந்த, காரத்துக்குக் காரணமான ஹைட்ராக்சைடு அயனி மட்டுமில்லை, தண்ணீர் தானாகவே பிரிந்து தந்ததும் கோடியில் ஒரு பங்கு இருக்கிறது. தொடக்கத்தில் சுண்ணாம்பின் பங்கு மலையளவு, தண்ணீரின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். ஐந்தாவது தடவை வாக்கில் இரண்டும் ஒப்பிடக்கூடிய அளவுக்கு வந்துவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் 7-ஐ ஒட்டியே நிற்கும். அவளைக் கரும்பலகைக்கு அழைத்து இரண்டு பங்கையும் தனித்தனியாக எழுதிக் கூட்டச் சொன்னேன். எழுதிவிட்டு மறுபடி கேட்டாள், "மழைத் தண்ணிய ஊத்தினா டீச்சர்?" மழைநீர் சுத்தமான காற்றில் விழுந்தாலே சுமார் 5.6-தான், வழியில் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அதை ஊற்றிக்கொண்டே போனால் 7 தாண்டிக் கீழே இறங்கிவிடும் என்றேன். அந்தக் கணக்கைத் தான் வீட்டில் போட்டு வருவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.