தலைக்காயமும் தூக்க மருந்தும்

என் இளமையில், திருவையாற்றில் எங்கள் அண்டை வீட்டுப் பையன் ஒருவன் தென்னை மரத்திலிருந்து வழுக்கி விழுந்தான். எழுந்து நடந்தான், தெளிவாகப் பேசினான். இரவில் தலைவலியால் புரண்டவனுக்குப் பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுத்தார்கள். பிள்ளை அயர்ந்து உறங்குகிறான் என்று வீட்டார் ஆறுதல் கொண்டார்கள். விடியற்காலையில் எழுப்பினால் எழவில்லை. தஞ்சைக்குக் கொண்டுபோய், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே தேங்கிய இரத்தத்தை அகற்றிய பின் உயிர் பிழைத்தான். வலக்கை மட்டும் பழைய நிலைக்கு வரவேயில்லை.

அம்மாத்திரையா இரத்தத்தைக் கசியச் செய்தது? அன்று. கசிவு பெருகும்போது தோன்றும் முக்கிய அடையாளம் மயக்கந்தான். மாத்திரை தந்த உறக்கம் அதனை மறைத்துவிட்டது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் மதிப்பெண்ணிட்டு நினைவை அளக்கும் முறை 1974-இல் கிளாஸ்கோ நகரில் வகுக்கப்பட்டது. முழு நினைவுக்கு 15. 8-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் பேராபத்து. தூக்க மருந்து உண்டவனிடம் அவ்வளவை எப்படி நம்புவது?

ஆயினும் மாணவ நண்பர்களே, கடுங்காயமுற்றவருக்கு மருத்துவரே மயக்க மருந்து செலுத்துவதும் உண்டு. உடல் எடையில் மூளை நூற்றில் 2 பங்கே. உட்கொள்ளும் பிராணவாயுவிலோ ஏறத்தாழ 20 பங்கு அதற்கு வேண்டும். வீங்கிய மூளைக்கு மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறும், இரத்தவோட்டம் குன்றும். மயக்கம் மூளையின் தேவையைக் குறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறது. ஆனால் பார்பிட்டுரேட் மருந்துகள் அழுத்தத்தைத் தணித்தும், மரணத்தைக் குறைத்ததாகச் சோதனைகளில் நிலைநாட்டப்படவில்லை. நால்வரில் ஒருவருக்கு இரத்த அழுத்தமும் வீழ்ந்தது. ஆகவேதான் செயற்கைச் சுவாசமும் இடைவிடாக் கண்காணிப்பும் உள்ள இடத்தில் மட்டும் இது நடைபெறும். நம் காவிரிக் கரைச் சீர்காழியில் 1922-இல் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி, 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார் என்பதை இங்கு பெருமையுடன் நினைக்கிறேன்.

இயற்கை உறக்கத்தின் கதை வேறு. மூளையினூடே நீர் பாய்ந்து கழிவை அகற்றுவதை 2012-இல் எலிகளிடம் கண்டார்கள். உறக்கத்தில் அது விரைவுறுவதை அடுத்த ஆண்டு கண்டார்கள். சோல்பிடெம் என்னும் தூக்க மருந்து எலிகளிடம் அப்பாய்ச்சலைத் தடுப்பதாக 2025-இல் வெளிவந்தது. மருந்தால் கண் மூடுவதும் உறங்குவதும் ஒன்றல்ல போலும்! மனிதர்க்கும் இது பொருந்துமா என்பது இனி ஆராயப்படவேண்டியது.

அடிபட்டவனை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்யவேண்டும் என்பார் பலர். மருத்துவர் பார்த்து இசைந்தபின் உறங்குவதில் தவறில்லை. அவர் சொன்ன இடைவேளையில் எழுப்பிப் பார்த்தால் போதும். மீண்டும் மீண்டும் வாந்தி, ஏறிவரும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கத் தளர்ச்சி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர், எழுப்பியும் எழாமை, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள்.