ரிமாண்டுக்கு முன்பே வக்கீல் வர வேண்டும்

குற்ற வழக்கில் ஒருவர் சிக்கினால், குடும்பத்தார் வக்கீலைத் தேடுவது பெரும்பாலும் ஆள் சிறைக்குப் போன பிறகுதான். கைதான அன்று ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார்கள். தெரிந்த கட்சிக்காரர் யாரையாவது பிடிப்பார்கள். "எழுதி வாங்கிட்டு விட்டுருவாங்க" என்று யாரோ சொன்னதை நம்புவார்கள். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்து கிளைச்சிறைக்கு அனுப்பிவிட்டார் என்ற செய்தி வந்த பின்புதான் ஜாமீன் போட நல்ல வக்கீல் யார் என்ற விசாரிப்பு தொடங்கும். அதற்குள் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் பல காரியங்கள் முடிந்துபோயிருக்கும். வக்கீலுக்குச் செலவிடக் கொஞ்சம் பணம்தான் கையில் இருக்கிறது என்றால், அதன் முதல் பங்கு ரிமாண்டுக்கு முந்தைய மணி நேரங்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மணி நேரங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். அதில் ஒரு விலக்கு இருப்பது தெரிவதில்லை. கஸ்டடியில் இருப்பவர் சொன்ன தகவலைக் கொண்டு கத்தியோ நகையோ செல்போனோ கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பேச்சு சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு இது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-வது பிரிவுக்குள் இருக்கிறது. எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு விலக்கின் மேல்தான் நிற்கின்றன. அதற்கான கையெழுத்துகள் வாங்கப்படுவது முதல் நாளிலோ அடுத்த சில நாள்களிலோதான். விசாரணையின்போது தான் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவு. விசாரணை முழுவதும் வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனாலும் அந்தச் சிறு சந்திப்பு போதும், "எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே, உனக்கு எதிராக நீயே பேச வேண்டிய கட்டாயமில்லை" என்று சொல்லிவிடலாம். பேசாமலிருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 20(3) தருகிறது. பயந்துபோன மனிதருக்கு அதை நினைவூட்ட ஒரு ஆள் வேண்டும்.

அடுத்தது ரிமாண்ட். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பலரும் இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். உண்மையில் நீதித்துறை அதிகாரி ஒருவர் கைதானவரை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கும் இடம் அதுதான். உடம்பில் காயம் இருந்தால் சொல்ல வேண்டிய இடமும், கைதுக்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று எதிர்க்க வேண்டிய இடமும் அதுவே. காரணத்தைத் தெரிவிக்காத கைது செல்லாது என்று 2025-ல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது, மாஜிஸ்திரேட்டும் கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லப்பட்டது. இந்தத் தீர்ப்புகளை அந்த அறையில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவை புத்தகத்தில்தான் இருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் தாக்கப்பட்ட தந்தையும் மகனுமான ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் ரிமாண்ட் செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாள்களிலேயே இருவரும் இறந்தார்கள். தடுத்திருக்க வேண்டிய ஒரு கட்டத்தை அவர்கள் கடந்துதான் சிறைக்குப் போனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

உடனே வக்கீலைக் கூட்டிவந்தால் தப்பு செய்தவர் மாதிரி ஆகிவிடாதா, போலீஸ் கோபித்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். ஸ்டேஷனில் அந்த மாதிரிப் பேச்சும் வரும். ஆனால் அரசியல் சாசனத்தின் 22(1) தந்திருக்கும் உரிமையைப் பயன்படுத்தியதை எந்த நீதிமன்றமும் குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. கோபிப்பார்களே என்று வக்கீல் இல்லாமல் போனவருக்குப் பிற்பாடு அந்தக் கோபம் தணிந்ததால் எந்தப் பயனும் கிடைப்பதில்லை. இன்னொரு ஆட்சேபம் ஊரிலிருந்து வரும்: குற்றவாளிக்கு எதற்கு வக்கீல் என்று. கோவையில் வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல் ஏற்பட்ட பின், குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக உறுப்பினர்கள் யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, தொழில் தர்மத்துக்கும் விரோதமானவை என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. அங்கே வக்கீலுக்கு அலைந்தவர்கள் காக்கிச் சட்டைக்காரர்கள். இன்று எதிரே நிற்பவருக்கு மறுக்கும் உரிமை நாளை யாருக்குத் தேவைப்படும் என்று எவராலும் சொல்ல முடியாது.

யாரை வைப்பது? ஸ்டேஷனிலேயே ஒரு பெயரைச் சொல்லி "இவரைப் பாருங்க" என்றால் தயங்குங்கள். அவருக்கு அந்த ஸ்டேஷனோடு உள்ள உறவு உங்கள் வழக்கை விடப் பழையது. "ஜாமீன் கேரண்டி, விடுதலை ஆனால் இவ்வளவு" என்று பேரம் பேசுபவரையும் விட்டுவிடுங்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து கட்டணம் வாங்குவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. சொத்து வழக்கில் பெரிய பெயர் எடுத்தவர் குற்ற வழக்குக்குப் பொருந்துவார் என்பதும் இல்லை. அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸ் கோர்ட்டிலும் தினமும் நிற்பவரா, வாய்தாவுக்குத் தானே வருவாரா ஜூனியரை அனுப்புவாரா, ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேட்டு எழுதி வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

நாள் எண்ணத் தெரிந்தவரா என்பதையும் பாருங்கள். 60 நாள்களுக்குள், மரண தண்டனையோ ஆயுளோ பத்தாண்டு அல்லது அதற்கு மேலோ விதிக்கத்தக்க குற்றமென்றால் 90 நாள்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடும். அது தானாகக் கிடைக்காது, மனு போட வேண்டும். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். சென்னையில் தொடங்கிய எம். ரவீந்திரன் வழக்கில், போதைப்பொருள் சட்டப்படியான 180 நாள்கள் முடிந்ததும் மனு போடப்பட்டது. குற்றப்பத்திரிகைக்கு இணையான கூடுதல் புகாரை வருவாய்ப் புலனாய்வுத் துறை அதே நாளில் பிற்பாடு தாக்கல் செய்தது. மனு முந்திக்கொண்டதால் உரிமை அழியவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. சில மணி நேர வித்தியாசம் அது.

பணமே இல்லாதவர் என்ன செய்வார்? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்கூட. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். மாஜிஸ்திரேட் முன் முதல் தடவை நிறுத்தும்போதே இந்த உரிமை பிறக்கிறது, அதைச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 2012-ல் கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இலவச வக்கீல் பெயருக்கு வந்து நிற்பார் என்ற குறை முழுப் பொய்யல்ல. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் 2013-ல் ஒரு கொலை வழக்கில் இலவச வக்கீல் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-ல் அதை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீலை நியமித்து, தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்றது. மறுவிசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் 2024-ல் விடுதலையானார். வக்கீல் இருந்தும் அவகாசம் இல்லாமல் போனதன் விலை பதினோரு ஆண்டுச் சிறை.

ஆகவே இலவச வக்கீல் வந்தாலும், சொந்தச் செலவில் வைத்தவரானாலும், எஃப்.ஐ.ஆர். நகல், கைது காரண அறிவிப்பு, மருத்துவச் சான்று, பின்னால் வரும் குற்றப்பத்திரிகை எல்லாவற்றிலும் ஒரு பிரதியைக் குடும்பம் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். வக்கீல் சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000-த்திலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பாக்கியை அவர் வேறு சட்ட வழியில் வசூலித்துக்கொள்ளலாம்; காகிதங்களைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும்.