ஸ்டாண்டர்டு ஹெரால்டு – பியட் 1100 ஒப்பீடு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பியட் 1100 ஆகியவை 1960களில் இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட இரு சிறிய மகிழுந்துகள் ஆகும். முன்னது சென்னையை அடுத்த வண்டலூரிலும் பின்னது மும்பையின் குர்லாவிலும் உருவாக்கப்பட்டன. பியட் 1100, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்னும் பெயரில் விற்கப்பட்டது.

வரலாறு

பிரித்தானியாவில் 1959இல் அறிமுகமான டிரையம்பு ஹெரால்டே முன்னதன் மூலம் ஆகும். இதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான சியோவான்னி மிக்கெலோட்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961இல் இதனை இந்தியாவில் வெளியிட்டது. பியட் 1100 இத்தாலிய வடிவம் ஆகும். வால்சந்து ஹிராசந்து 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இதனை 1954 முதல் இந்தியாவில் உருவாக்கியது. பத்மினிக்கு அடிப்படையான 1100டி வகை 1964இல் வந்தது.

ஒற்றுமைகள்

இரண்டிலும் நான்கு உருளை இயந்திரம் முன்புறம் அமைந்து பின்சக்கரங்களை இயக்குகிறது. முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் ஹெரால்டில் 2,324 மி.மீ., பியட்டில் 2,340 மி.மீ. ஆகும். இயந்திரக் கொள்ளளவு முறையே 948 க.செ.மீ., 1,089 க.செ.மீ.

வேறுபாடுகள்

* அடிச்சட்டம்: ஹெரால்டில் தனி அடிச்சட்டத்தின் மீது உடல் பொருத்தப்பட்டது. பியட்டில் உடலும் சட்டமும் ஒன்றே.
* இயந்திர மூடி: ஹெரால்டில் முன்சக்கரக் காப்புகளுடன் முன்பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாயும். இதனால் பழுது பார்ப்பது எளிது.
* திரும்பும் வட்டம்: ஹெரால்டு சுமார் 25 அடி விட்டத்துக்குள் திரும்பவல்லது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் குறுகிய தெருக்களுக்கு இது ஏற்ற பண்பாகும்.
* கியர் தண்டு: ஹெரால்டில் தரையிலும் பியட்டில் திசைமாற்றித் தண்டிலும் அமைந்தது.
* பின்அச்சு: பியட்டில் இரு பின்சக்கரங்களையும் ஒரே திண்ணிய அச்சு இணைத்தது, இருபுறமும் நீளவாக்கில் பட்டைவில் தாங்கியது. ஹெரால்டில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். குறுக்காக அமைந்த ஒரே பட்டைவில் இரண்டையும் தாங்கியது.

பின்அச்சின் விளைவு

தனித்தியங்கும் சக்கரம் மேடுபள்ளத்தின் அதிர்வை மறுபுறத்துக்குக் கடத்துவதில்லை. ஆனால் ஹெரால்டின் அமைப்பில் அரை அச்சு ஊசல்போல் அசைவதால் சக்கரத்தின் சாய்வும் உடன் மாறும். பின்னிருக்கையில் பளு கூடும்போது சக்கரங்களின் மேற்பகுதி உட்புறம் சாயும். டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். ஆளில்லாத வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் வெளிச்சக்கரம் உள்மடங்கிப் பிடிப்பை இழக்கக்கூடும். திண்ணிய அச்சில் பயணம் சற்றுக் கடினமாயினும், பளு எதுவாயினும் சக்கரங்கள் நிமிர்ந்தே நிற்கும்.

இந்திய வாங்குநர்களும் பழுதுபார்ப்போரும் ஊசல் அச்சை அதிகம் விரும்பவில்லை. ஆகவே 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கேசல், அதே 948 க.செ.மீ. இயந்திரத்துடன் திண்ணிய அச்சுக்கு மாறியது. நுட்பத்தில் முன்னேறிய வண்டி, எளிய வண்டியின் வழிக்கே வந்தது எனலாம்.

பிற்காலம்

கேசலின் உற்பத்தி 1970களிலேயே முடிவுற்றது. அந்நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 வெற்றி பெறவில்லை. பத்மினியின் உற்பத்தி 2000 வரை நீடித்தது. மும்பையில் வாடகை உந்தாக ஓடிய கடைசிப் பத்மினிகள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன.