காளையுடன் பிறந்த கிடேரி சினை பிடிக்குமா?

ஒரே ஈற்றில் பசு இரண்டு கன்றுகள் போட்டால் வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவிராது. ஒன்று காளை, மற்றொன்று கிடேரி என்றால், கிடேரியை நாளைய கறவைப் பசுவாக எண்ணி வளர்ப்போம். ஆனால், காளையுடன் இரட்டையாகப் பிறக்கும் கிடேரிகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை மலடாகவே இருக்கும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் மேய்ச்சல் நிலங்கள் வீட்டு மனைகளாகி வருகின்றன. வைக்கோலையும் தீவனத்தையும் விலைக்கு வாங்கிப்போட்டு, இரண்டு ஆண்டு கழித்து இதை அறிந்தால் பெரும் நஷ்டமாகும். கன்றாக இருக்கும்போதே அறிய வழி உண்டு.

காரணம் என்ன?

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். முதல் மாதத்தில் கரு ஆணா, பெண்ணா என்று உருவத்தைக் கொண்டு சொல்ல இயலாது. விரையாகவோ, சூலகமாகவோ மாறக்கூடிய ஒரே வகைத் திசுதான் இரண்டிலும் இருக்கும். ஆண் கருவின் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு, சுமார் 40-ஆம் நாளில் அதை விரையாக மாற்றத் தொடங்குகிறது. விரையில் சுரக்கும் ஒரு ஹார்மோன், கருப்பையாக வளர வேண்டிய குழாயைக் கரைத்துவிடும். மற்றொன்று ஆண் உறுப்புகளை வளர்க்கும். பெண் கருவில் இம்மரபணு இல்லாததால் சூலகம் உண்டாகிறது. ஆனால், அது விரையைவிடப் பிந்தியே உருப்பெறும்.

இரட்டைக் கருவில் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் பெரும்பாலும் இணைந்துவிடும். எனவே, முந்தி வளர்ந்த விரையின் ஹார்மோன் கிடேரியின் உடலிலும் பாயும். அதனால் சூலகம் வளர்ச்சி குன்றும். கருப்பை சிறுத்துவிடும் அல்லது இல்லாமலே போகும். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லில்லி 1916-இல் இரத்தக் கலப்பே காரணம் என்று விளக்கினார்.

கண்டறியும் முறை

இக்கிடேரி வெளித்தோற்றத்தில் பெரும்பாலும் நல்ல கிடேரி போலவே இருக்கும். சிலவற்றில் அறையின் அடிப்பகுதியில் நீண்ட மயிர்க்கற்றை காணப்படும். கன்று பிறந்து ஒரு மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மழுங்கிய முனையுள்ள குழாயால் அவர் பிறப்புப் பாதையின் நீளத்தை அளந்து பார்ப்பார். மலட்டுக் கிடேரியில் இது இயல்பான நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருக்கும். நீங்களாகக் குச்சியோ, குழாயோ நுழைத்துப் பார்க்கக் கூடாது. ஐயம் இருந்தால் இரத்தத்தில் குரோமோசோம் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம்.

கவனத்தில் கொள்க

* இது தாய்ப்பசுவின் குற்றமன்று, தோஷமும் அன்று. இதற்காகப் பசுவை விற்க வேண்டாம்.
* இரண்டும் கிடேரியாக இருந்தால் இந்த அச்சம் இல்லை.
* உடன்பிறந்த காளையைப் பொலிகாளையாக வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.
* வெள்ளாடு இரட்டைக் குட்டி போடுவது இயல்பு. அவற்றில் இக்குறை மிக அரிது. பெட்டைக் குட்டியைக் கழிக்க வேண்டாம்.
* சந்தையில் கிடேரி வாங்குவோர், அது ஒற்றைக் கன்றா, இரட்டையா என்று கேட்டு வாங்குங்கள். விற்பவரும் மறைக்கக் கூடாது.

பத்தில் ஒன்று நல்ல கிடேரியாகவும் இருக்கலாம். ஆகவே, சோதித்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.