குறைந்த செலவில் விளையாட்டுக் கம்ப்யூட்டர்

விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரா என்று பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும் விளையாட்டுக்கு ஏற்ற கம்ப்யூட்டர்தான் படம் வரையவும், வீடியோ தொகுக்கவும் ஏற்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி அதனை வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம். திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர்கள் பொறுமையாகச் செய்தால் ஒரு பகற்பொழுது போதும். கையிலுள்ள பணத்துக்குள் எதை வாங்குவது, எதை விடுவது என்பதே கடினமான பகுதி.

பெரும்பாலோர் பிராசஸரின் பெயரில் தொடங்குகின்றனர். நாம் மானிட்டரில் தொடங்குவோம். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், நொடிதோறும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டியாக வேண்டும். ‘4கே’ எனப்படும் திரையிலோ இதைப்போல் நான்கு மடங்கு வேலை. ஆகவே சிக்கனம் கருதுவோர்க்கு முதல் வகைத் திரையே போதும் என்பது நம் கருத்து.

இந்தப் புள்ளிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. பந்து எங்கே விழும், எதிராளி எப்பக்கம் ஓடுவான் என்பவற்றைக் கணக்கிட்டுக் கொடுப்பது பிராசஸர். கல்யாண வீட்டில் காய்கறியை எவ்வளவு விரைவாக அரிந்து கொடுத்தாலும், அடுப்பு சிறிதானால் பந்தி தாமதமாகத்தானே செய்யும்? விலையுயர்ந்த பிராசஸருடன் மலிவான கார்டைச் சேர்த்தாலும் இதே நிலைதான். மானிட்டர் நீங்கலாக உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையேனும் கார்டுக்கு ஒதுக்கலாம். கார்டுக்கென்று 8 ஜி.பி. நினைவகம் இருப்பது நல்லது. பிராசஸருக்கு ஆறு கோர்கள் போதும்.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம். 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதற்காக இரவும் பகலும் உழைத்த கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. அத்தகையவற்றை, கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

அடுத்தது பொருத்தம். பிராசஸர் அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-இல் வந்தது, அதற்கு டி.டி.ஆர்.4 ராம் வேண்டும். 2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.5 வேண்டும். ஒன்றில் மற்றொன்று நுழையாது. வெட்டுப்பள்ளமே வேறிடத்தில் இருக்கும். 16 ஜி.பி. ராமை ஒரே பட்டையாக வாங்காமல் எட்டெட்டாக இரண்டு பட்டைகள் வாங்கினால், தகவல் இருவழிகளில் ஓடும். 2025-இன் பிற்பகுதியில் ராம் விலை மிகவும் ஏறிற்று. வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 பட்டைகள் இருந்தால், ஏ.எம்.4 சாக்கெட்டைத் தேர்ந்து அவற்றையே பயன்படுத்துவது நல்ல சிக்கனம்.

சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு. அது பவர் சப்ளை. மலிவான கேபினெட்டுடன் சேர்த்தே கொடுக்கப்படும் பெட்டியை நம்ப வேண்டாம். மேலே ‘450 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது பக்கவாட்டிலுள்ள சிறு அட்டவணையை. 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்குங்கள், 216 வாட்தான்! கார்டும் பிராசஸரும் உண்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600 பிராசஸருக்கு 65 வாட் என்று குறித்திருக்கிறார்கள். இரண்டுக்கே ஏறக்குறைய 200 ஆகிவிடுகிறது. இத்தகைய கூட்டுக்கு நல்ல தயாரிப்பில் 500 அல்லது 550 வாட் பெட்டி வாங்கலாம். ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும், பாதுகாப்புக்குச் சான்றன்று. தரமற்ற பெட்டி பழுதானால் தான் மட்டும் போவதில்லை. கார்டையும் மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போகக்கூடும். அப்பாவின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார்டு அன்றோ அது!

எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி. இருந்தால் தொடங்கலாம். கேபினெட்டில் காற்று புகுந்து வெளியேற வழியிருந்தால் போதும். வண்ண விளக்குகள் தம்பிமாருக்குப் பிடிக்கும். விளையாட்டின் வேகத்தை அவை கூட்டுவதில்லை.

பொருத்தி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் திரை இருண்டே இருந்தால் பதற வேண்டாம். மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பெயரின் முடிவில் ‘எஃப்’ என்றுள்ள இன்டெல் பிராசஸர்களுக்குப் படம் காட்டும் பகுதியே கிடையாது. கம்பியைக் கழற்றி கிராபிக்ஸ் கார்டில் செருகிப் பாருங்கள்.