மேக வழங்கியில் எஸ்.எஃப்.டி.பி புகுபதிகைச் சிக்கல்கள்

மேக வழங்கியில் எஸ்.எஃப்.டி.பி புகுபதிகைச் சிக்கல்கள் என்பன, தொலைவிலுள்ள மேகக் கணிமை வழங்கி (சர்வர்) ஒன்றிற்குப் பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாகப் பயனர் நுழைய முயலும்போது ஏற்படும் தடைகளைக் குறிக்கும். இந்நெறிமுறை சுருக்கமாக எஸ்.எஃப்.டி.பி எனப்படும். புகுபதிகை பல படிகளைக் கொண்டது. எந்தப் படியில் நின்றது என்பதைப் பிழைச்செய்தியே பெரும்பாலும் காட்டிவிடும். அதைப் படிக்காமல் பாதுகாப்பைத் தளர்த்துவது சிக்கலைத் தீர்ப்பதில்லை; சில வேளைகளில் அதுவே புதிய தடையாகிவிடும்.

வரலாறு

கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் (எஃப்.டி.பி) முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூசண். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவரான இவர், அப்போது அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். அந்நெறிமுறையில் கடவுச்சொல் மறையாக்கம் இன்றியே வலையமைப்பில் செல்லும். இடையில் ஒற்றுக் கேட்பவர் அதைப் படித்துவிடலாம்.

1995 இல் ஃபின்லாந்தின் எல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் இவ்வாறு திருடப்பட்டன. அதன் பின்னர் அங்கிருந்த டாட்டு யுலோனன் எஸ்.எஸ்.எச் நெறிமுறையை உருவாக்கினார். அதற்கு 22 ஆம் துறை (போர்ட்) ஒதுக்கப்பட்டது. 1999 இல் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.எச் என்னும் கட்டற்ற மென்பொருளே இன்று பெரும்பாலான லினக்சு வழங்கிகளில் இயங்குகிறது. எஸ்.எஃப்.டி.பி இந்த எஸ்.எஸ்.எச் இணைப்பின் உள்ளே இயங்குவது. பழைய எஃப்.டி.பி மீது மறையாக்கம் சேர்த்த எஃப்.டி.பி.எஸ் வேறொரு நெறிமுறை ஆகும். மென்பொருளில் நெறிமுறையை மாற்றித் தேர்ந்தெடுப்பதும் புகுபதிகை தோற்பதற்கு ஒரு காரணமாகும்.

மேக வழங்கியின் தனித்தன்மை

அறையிலுள்ள கணினியில் புகுபதிகை தவறினால் அதன் திரைக்கும் விசைப்பலகைக்கும் செல்லலாம். மேக வழங்கியில் அது இயலாது. மைக்ரோசாஃப்ட் அசூர் 2015 இல் சென்னை உட்பட இந்தியாவின் மூன்று நகர்களிலும், அமேசான் 2016 இல் மும்பையிலும் தரவு மையப் பகுதிகளைத் தொடங்கின. திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலைக்கு அருகிலுள்ள கலசப்பாக்கத்தில் இருந்து இணையத்தளம் ஒன்றைப் பராமரிப்பவரின் கோப்புகள் இத்தகைய மையம் ஒன்றில் இருக்கலாம். அவருக்கு நாள்தோறும் உள்ள வாயில் எஸ்.எஸ்.எச் மட்டுமே. அது அடைபட்டால் கோப்புகள் அழியாமல் இருந்தும் கைக்கு எட்டாதவை ஆகிவிடும்.

பிழைச்செய்திகளும் காரணங்களும்

1. நேரம் கடந்தது (கனெக்சன் டைம்டு அவுட்): கோரிக்கைக்கு மறுமொழியே வரவில்லை என்பது பொருள். மேகச் சேவையின் தீச்சுவர் விதிகளில் 22 ஆம் துறை திறக்கப்படாமல் இருக்கலாம். குறிப்பிட்ட ஐ.பி முகவரிக்கு மட்டும் அனுமதி அளித்திருந்தால், கைபேசி இணையத்தில் அம்முகவரி மாறியதும் வாயில் மூடிவிடும். வழங்கியை நிறுத்தித் தொடங்கும்போது, நிலையான முகவரி பெறப்படாவிட்டால், வழங்கியின் பொது முகவரியே மாறிவிடவும் கூடும்.

2. இணைப்பு மறுக்கப்பட்டது (கனெக்சன் ரிஃப்யூஸ்டு): பெரும்பாலும் கோரிக்கை வழங்கியை அடைந்துவிட்டது, ஆனால் அத்துறையில் எஸ்.எஸ்.எச் சேவை இயங்கவில்லை, அல்லது வேறு துறை எண்ணுக்கு மாற்றப்பட்டுள்ளது.

3. வழங்கியின் அடையாளம் மாறியுள்ளது: முன்பு பதிவான வழங்கித் திறவுகோலும் இப்போது வந்ததும் பொருந்தவில்லை. வழங்கி மீண்டும் நிறுவப்பட்டிருந்தால் இது இயல்பு. ஆயினும் இடையில் ஒருவர் வழங்கியைப் போல நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். எனவே மேகச் சேவையின் வலைப்பக்க முனையத்தில் திறவுகோலின் கைரேகையை ஒப்பிட்ட பின்னரே பழைய பதிவை நீக்க வேண்டும்.

4. அனுமதி மறுக்கப்பட்டது (பெர்மிசன் டினைடு): வலையமைப்பில் குறை இல்லை, அடையாளச் சோதனையில் தோல்வி. பல மேகப் படிமங்களில் கடவுச்சொல் வழிப் புகுபதிகை தொடக்கத்திலேயே முடக்கப்பட்டிருக்கும். திறவுகோல் இணை தேவைப்படும். பயனர் பெயரும் படிமத்திற்கேற்ப மாறும். அமேசானில் உபுண்டுவிற்கு ‘உபுண்டு’, டெபியனுக்கு ‘அட்மின்’, அமேசான் லினக்சிற்கு ‘ஈசி2-யூசர்’ என்பன இயல்பான பெயர்களாகும்.

5. அடையாளச் சோதனைகள் மிகுதி: பயனர் கணினி தன்னிடமுள்ள திறவுகோல்களை ஒவ்வொன்றாக நீட்டும். ஓப்பன் எஸ்.எஸ்.எச் இயல்பாக 6 முயற்சிகளையே ஏற்கும். உரிய திறவுகோலை மட்டும் குறிப்பிட்டு இணைப்பது தீர்வு.

6. நுழைந்தவுடன் துண்டிப்பு: அடையாளச் சோதனை வென்றும் கோப்புப் பகுதி தொடங்கவில்லை. பயனரை ஓர் அடைவிற்குள் அடைத்து வைக்கும் அமைப்பில், அவ்வடைவும் அதன் மேலடைவுகளும் ரூட் என்னும் தலைமைப் பயனருக்கு உரியவையாக இருக்க வேண்டும். பிறர் எழுத இயலாதவையாகவும் இருக்க வேண்டும். புகுபதிகையின்போது வரவேற்பு வரிகளை அச்சிடும் தொடக்க நிரல்களும் எஸ்.எஃப்.டி.பியைக் குழப்பிவிடும்.

அனுமதி எண்களும் 777 தவறும்

லினக்சில் கோப்பு அனுமதிகள் மூன்று இலக்க எண்ணால் குறிக்கப்படுகின்றன. உரிமையாளர், குழு, பிறர் என்பது இலக்கங்களின் வரிசை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகையே ஒவ்வோர் இலக்கமும் ஆகும். 777 என்பது எல்லாருக்கும் எல்லா உரிமையும் அளிப்பது.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியைக் கண்டு, வேறு வழியில் நுழைந்து இல்ல அடைவிற்கு 777 கொடுப்பது பரவலான தவறு. பிறர் எழுதக்கூடிய அடைவில் உள்ள திறவுகோல் பட்டியலை எவரும் மாற்றிவிடலாம் என்பதால், ஓப்பன் எஸ்.எஸ்.எச் அப்பட்டியலை நம்ப மறுக்கும். உரிமையைக் கூட்டியதாலேயே கதவு அடைபடுகிறது. ‘.எஸ்எஸ்எச்’ அடைவிற்கு 700, அதிலுள்ள திறவுகோல் பட்டியலுக்கு 600 என்பன ஏற்ற அளவுகள். பயனர் கணினியிலுள்ள தனித் திறவுகோலுக்கும் 600 பொருந்தும்.

பழைய மென்பொருள்கள்

2021 இல் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.எச் 8.8, வலுவிழந்த ‘ஷா-1’ முறையிலான ஆர்.எஸ்.ஏ கையொப்பங்களை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. இதனால் நெடுநாள் இயங்கிய பழைய பயனர் மென்பொருள்கள், வழங்கி மேம்படுத்தப்பட்டதும் தோல்வியுற்றன. ஆர்.எஸ்.ஏ திறவுகோல்கள் விலக்கப்படவில்லை; கையொப்ப முறை மட்டுமே விலக்கப்பட்டது. பயனர் மென்பொருளைப் புதுப்பிப்பதே முறையான தீர்வு.

ஆராயும் முறை

பயனர் கணினியில் விரிவான செய்திகளைக் காட்டும் விருப்பத்துடன் இணைத்தால் ஒவ்வொரு படியும் திரையில் தெரியும். மறுப்பின் உண்மைக் காரணம் வழங்கியின் பதிகையிலேயே இருக்கும். ஊடுருவுவோர்க்கு உதவாதிருக்க அது பயனருக்கு முழுமையாகச் சொல்லப்படுவதில்லை. உபுண்டுவில் ‘ஆத்.லாக்’, ரெட் ஹாட் வகைகளில் ‘செக்யூர்’ ஆகிய கோப்புகளில் இப்பதிகை காணப்படும்.

வழங்கியின் அமைப்பை மாற்றும்போது, திறந்துள்ள இணைப்பு ஒன்றை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு சாளரத்தில் புதிய புகுபதிகையைச் சோதிக்க வேண்டும். சேவையை மீளத் தொடங்கினாலும் பழைய இணைப்பு பொதுவாக அறுபடாது என்பதால், தவறு நேர்ந்தால் அதன் வழியே திருத்தலாம். எல்லா வழியும் அடைபட்டால், மேகச் சேவையின் வலைப்பக்க முனையத்தைப் பயன்படுத்தலாம். வழங்கியின் வட்டைக் கழற்றி வேறொரு மேக வழங்கியுடன் இணைத்து, பிழையான கோப்பைத் திருத்துவதும் உண்டு.