பல் போன பிறகு – 11: செட்டும் முறுக்கானும்

வேர் சிகிச்சை செய்த பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், பல்லே இல்லாமல் பல் செட் வைத்திருப்பவர்களின் பக்கம் போவோம். கருங்கல், பாலப்பள்ளம், புதுக்கடை வட்டாரத்தில் செட் வைத்திருக்கும் பெரியவர்களிடம், “கடைசியா எப்போ பல் டாக்டர்ட்ட போனீங்க?” என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “செட்டு வச்சாச்சில்லா மக்களே, இனி டாக்டர்ட்ட என்னத்துக்குப் போகணும்?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சொத்தை விழவும் கூசவும் பல் இல்லை. ஆனால் தவறாமல் வாயைக் காட்ட வேண்டியவர்கள் இவர்கள்தான் என்பேன். அதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திங்கள்நகரை ஒட்டியிருக்கும் நெய்யூர் வரை போனால் போதும்.

1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் தொடங்கிவைத்த லண்டன் மிஷன் மருத்துவப் பணி நெய்யூரில் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன மருத்துவர் தியோடர் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்தார். காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டமும், தனியாளாகத் திணறிய மருத்துவரும் அவர் மனதை மாற்றிவிட, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். அதே ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ஐ. எம். ஓர், 1933-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றியது அது. நம் குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. நம் ஊர்க்காரர்களின் கன்னத்துப் புண் உலக மருத்துவத்தின் பார்வைக்குப் போய்த் தொண்ணூறு வருடங்கள் தாண்டிவிட்டன.

வெற்றிலை முறுக்கானை எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கிறோமோ, பெரும்பாலும் அந்தக் கன்னத்தில்தான் புண் தொடங்கும். “நான் போயில சேக்க மாட்டேன், வெறும் பாக்குதான்” என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்துவிட்டது.

இதற்கும் செட்டுக்கும் என்ன சம்பந்தம்? பல் இல்லாதவர்கள் சின்ன உரலில் வெற்றிலையை இடித்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். செட் வந்ததும் உரல் பரணுக்குப் போகிறது, முறுக்கான் கூடுகிறது. பல் போன இடைவெளியில் கொஞ்சம் குறைந்திருந்த பழக்கம், புதுப்பல்லின் உற்சாகத்தில் திரும்பி வந்துவிடுகிறது. மென்ற சக்கை செட்டின் ஓரத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. செட்டில் கறை பிடிப்பது பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கறையைத் தேய்த்து எடுத்துவிடலாம். என் கவலை அதைப் பற்றியது அல்ல.

பல் எடுத்த பிறகு தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆனால் செட்டின் அளவு அப்படியே இருக்கும். அதனால் செய்த நாளில் கவ்விப் பிடித்த செட், சில வருடங்களில் ஆடத் தொடங்கும். டாக்டரிடம் போனால் உள்பக்கம் புதுப் பூச்சுக் கொடுத்துத் தாடைக்குப் பொருந்தச் செய்வார், அல்லது புது செட் செய்யச் சொல்வார். சுமார் ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பது பொதுக் கணக்கு. நம் ஆட்களோ பஞ்சு வைத்துச் சமாளிக்கிறார்கள், குத்துகிற இடத்தை அரம் கொண்டு தாங்களே ராவிக்கொள்கிறார்கள். ஆடுகிற செட் உரசி உரசிக் கன்னத்திலும் ஈற்றிலும் புண் வந்து போவது பழகிவிடுகிறது.

ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. வாய்ப்புற்றுநோய்ப் புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. முறுக்கான் போடுகிறவர் கன்னத்தில் அப்படி ஒன்று வந்தால், “செட்டு உரசுன புண்ணு” என்று வீடே முடிவு செய்துவிடுகிறது. மாதக்கணக்கில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கழுத்தில் கட்டி தெரிகிறது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. செட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். செட் உரசி வந்த புண் என்றால் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் வசதியுள்ள இடத்துக்குப் போயே ஆக வேண்டும். உடைந்த பல்லின் கூர்முனை நாக்கில் கிழித்து வரும் புண்ணுக்கும் இதே இரண்டு வாரக் கணக்குதான். முனையை ராவிச் சரிசெய்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

பாக்கு செய்யும் இன்னொரு வேலை, கன்னத்துச் சதையை நாராக இறுக்கி வாயைத் திறக்க விடாமல் செய்வது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். அந்த நிலைக்கு வந்தவருக்கு அளவெடுக்கும் தட்டே வாய்க்குள் போகாது, செட் எப்படிப் போகும்? 2013 முதல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை இருந்தாலும் பாக்குப் பொட்டலம் இளைஞர்கள் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. நாற்பது வயதில் பல் கட்டப் போகிறவர்களில் சிலருக்கு முதல் தடை பணம் அல்ல, திறக்காத வாய்.

அன்றாடப் பராமரிப்பு சுலபம். இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். போட்டபடியே தூங்கினால் மேலண்ணம் பூஞ்சை பிடித்துச் சிவந்துபோகும். கழுவ மென்மையான பிரஷும் சோப்பும் போதும். பேஸ்ட் கீறல் போடும். உமிக்கரி அதைவிட மோசம், சொந்தப் பல்லையே தேய்த்த சரக்கு அது. வெந்நீர் பட்டால் அக்ரிலிக் வளையும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கை நழுவினாலும் உடையாது. முந்திரிக்கொத்தை முன்பல்லால் கடித்து இழுக்காமல் கையால் உடைத்துக் கடைவாயில் வைத்து மெல்லுங்கள். முந்திரிக்கொத்தையே விட்டுவிடச் சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாடையில் டைட்டானியம் திருகு பதித்து மேலே பல் கட்டும் இம்ப்ளான்ட்டை, ஒரு மாத லீவுக்குள் முடித்துத் தரச் சொல்லி டாக்டரை நெருக்குகிறார்கள். எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உடனடியாகப் பல் கட்டுவதும் சிலருக்குச் சாத்தியம்தான். ஆனால் அதை எலும்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும், விமான டிக்கெட்டைப் பார்த்து அல்ல. ஒரு லீவில் திருகு, அடுத்த லீவில் பல் என்று திட்டமிடுங்கள். ஸ்வீடனில் 1965-ல் பிரோன்மார்க் பதித்த இம்ப்ளான்ட்டுகள் யோஸ்டா லார்சன் என்ற முதல் நோயாளிக்கு 2006-ல் அவர் இறக்கும் வரை உழைத்தன. சிகரெட்டும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சேர்ந்தால் அவ்வளவு காலம் எதிர்பார்க்க முடியாது. இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும் அழுகலாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்குக் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் வேலை செய்வார்கள். கட்டணம் குறையும், நடை கூடும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்களுக்கு அந்த நடையும் செலவுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாயைக் காட்ட வருடத்துக்கு ஒரு நாள் போதும்.

அப்படிப் போகும்போது ஒன்று செய்யுங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து, காலையிலேயே வாயைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, “முறுக்கான் போடுறதில்ல” என்று சொல்லாதீர்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.

(தொடரும்)